பாப்பா மேல பூரா தேல்

சொன்னது சங்கவிதான். யாரும் அவள் கையை முறுக்கிச் சொல்ல வைக்கவில்லை. “அண்ணி, நீங்களே கோகுலைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஆறு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும்” என்று போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாளே, நினைவிருக்கும். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பவள் ரசம் கேட்பாளா என்று நீங்களும் கோபப்பட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அழுதால் மனசு மாறிவிடும் என்று பயந்தவள் வேறு என்னதான் செய்வாள்?

நாளைக் காலை சென்னை விமானம். கோகுலுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எடை ஏறிவிட்டது, தாராளமாகக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் அந்தச் சின்ன வீட்டின் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு பக்கம் உமா மகேஸ்வரியின் சேலைகள். மறுபக்கம் உள்ளங்கை அளவு சட்டைகள்.

உமா மகேஸ்வரி, சங்கவியின் புருஷன் கௌதமின் அக்கா. திண்டுக்கல்லில் வங்கி வேலை. குழந்தை இரண்டு மாதம் முந்திப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, சங்கவி பிரசவக் காய்ச்சலில் வேறொரு வார்டில் நினைவு தப்பிக் கிடந்தாள். கௌதமோ தீவுகளுக்கு நடுவே ஓடும் அரசுப் படகில் இஞ்சின் டிரைவர். பாதி நாள் கடலில்தான் வாசம். அக்காதான் லீவு போட்டுவிட்டு அடித்துப் பிடித்து வந்து இறங்கினாள். கோகுலை முதன்முதலில் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டவள் அவள். நர்ஸ் அவளைப் பார்த்துத்தான், “அம்மா, இப்படிப் பிடிங்க” என்று சொல்லிக் கொடுத்தாள்.

சங்கவி எழுந்து நடமாடி மகனைக் கையில் வாங்கிய அன்று அவன் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு அலறினான். இன்றுவரைக்கும் அதே கதைதான்.

வெயில் கூடத்துக்குள் வந்ததும் உமா காலை நீட்டி உட்கார்ந்தாள். காலின்மேல் துண்டு, துண்டின்மேல் கோகுல். பக்கத்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்த செக்கு எண்ணெய்.

“ஆத்தாடி, தொடையைப் பாரு என் ராசாவுக்கு! பொறந்தப்ப கோழிக் காலு மாதிரி கிடந்துச்சு” என்று அவள் நீவிவிட, அவன் கையைக் காலை விரித்துப் போட்டுக்கொண்டு ஜமீன்தார் கணக்காகப் படுத்திருந்தான்.

“நல்லாப் பாத்துக்க சங்கவி. நாளைக்கு இந்நேரம் நாங்க ஆகாசத்துல இருப்போம்.” சொன்ன பிறகுதான் உமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஒரு தடவை நீயும் தேய்ச்சுப் பாக்குறியா?”

“வேண்டாம் அண்ணி. சும்மா இருக்குற பிள்ளையை எதுக்கு அழ வைக்கணும்?”

சங்கவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்த பிள்ளை. விட்டுவிட்டுப் போ என்று யாராவது சொல்லிவிட்டால்?

உமா கெட்டவள் இல்லை. அதை நான் முதல் அத்தியாயத்திலிருந்தே தொண்டை வற்றச் சொல்லி வருகிறேன். கெட்டவளாக இருந்தால் சங்கவிக்கு எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தல். உமா வந்த புதிதில் ஒருநாள் மழை கொட்டியது. சங்கவி பதறிப்போய், “அண்ணி, கிட்கி பந்த் பண்ணிடவா?” என்று கேட்டாள். ஜன்னலைச் சாத்தவா என்றுதான் கேட்டாள். உமா விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ன பாஷைடி இது? என் மருமகனும் இப்படித்தான் பேசப் போறானா? திண்டுக்கல்லுல வந்து கிட்கிங்கிறவனை எவன் சேத்துக்குவான்?”

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் சங்கவி அந்தமானிலேயே, லாங் ஐலண்ட் தீவில் பிறந்து வளர்ந்தவள். நாலு வீடு வங்காளி, நாலு வீடு தெலுங்கு, நாலு வீடு தமிழ் என்று இருந்த தெருவில் இந்தி கலக்காமல் ஒரு வாக்கியம் பேச அவளுக்கு வராது. அன்றிலிருந்து அண்ணி எதிரில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானித்துப் பேசினாள். மகனிடம் பேசும்போதுகூட அப்படித்தான். கொஞ்சுவதற்கு வாய் திறப்பாள், சரியான சொல் வராது, வாயை மூடிக்கொள்வாள். தாயும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் விறைப்பாகப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், வங்கியில் டோக்கன் வாங்கிய ரெண்டு பேர் மாதிரி.

குளிப்பாட்டி, பால் கொடுத்து, கோகுலைத் தூங்க வைத்துவிட்டு உமா பையை எடுத்துக்கொண்டாள். “ஜங்லிகாட் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடுறேன். பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி, ஒரு பிளாஸ்க். பிளேன்ல ஏசியைப் போட்டுக் கொன்னுடுவான். எந்திரிச்சா உடனே போன் பண்ணு, பறந்து வந்துடுறேன்.”

ஆட்டோ சத்தம் சரிவில் இறங்கி மறைந்தது. கோகுல் அதற்குத்தான் காத்திருந்தவன் மாதிரி கண்ணைத் திறந்தான்.

பக்கத்தில் இருந்தவள் அம்மா. தேடிய முகம் வேறு. உதடு பிதுங்கியது. வீடு இரண்டுபட ஆரம்பித்தது.

சங்கவி தூக்கினாள், தோளில் போட்டாள், தட்டினாள். அவன் அவளைத் தள்ளிக்கொண்டு அழுதான். உமாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தபோது அதுவே அடித்தது. லாங் ஐலண்டிலிருந்து அண்ணன் குணா.

“கவி! தேல் எப்படி இருந்துச்சு?”

தேல் என்றால் எண்ணெய். இந்திச் சொல். தீவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும்போது அது தேல்தான். குணா தன் வீட்டுத் தென்னையில் விழுந்த காயைக் காய வைத்து, ஆட்டி, பழைய தேன் பாட்டிலில் ஊற்றி, கௌதமிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அது சமையலறை மேல்தட்டில், திறக்காமலேயே இருந்தது. திண்டுக்கல் எண்ணெய் இருக்கும்போது இதைத் தேயுங்கள் என்று அண்ணியிடம் சொல்ல சங்கவிக்கு வாய் வரவில்லை.

“இன்னும் தொறக்கல அண்ணே.”

“அரே, க்யோன்? ஏன் தொறக்கல? அது யாரு இப்படிக் கத்துறது? என் மருமகனா? சபாஷ், நம்ம போட்டு ஹார்னே தோத்துடும் போல.”

“என்னைப் பாத்தாலே அழுவுறான் அண்ணே.” அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அண்ணனிடம் நிறுத்தி நிதானித்துப் பேச வேண்டியதில்லை. எல்லாம் கொட்டிவிட்டாள். நாளைக்கு விமானம், ஆறு மாதம், அண்ணி கையில் சிரிக்கிறவன் தன் கையில் கதறுவது, எல்லாம். “எனக்கு அம்மாவா இருக்கத் தெரியல அண்ணே. பஸ், அவ்வளவுதான்.”

குணா சும்மா இருக்கும் ஆளே இல்லை. படகு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்துக்கொண்டு, இறங்குகிறவன் ஏறுகிறவன் அத்தனை பேரையும் வம்புக்கு இழுப்பவன். அவன் இப்போது பேசவில்லை. போனில் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

“நீ நம்ம அம்மாவைப் பாத்து எப்படி அழுதே தெரியுமா?” என்றான் கடைசியில்.

“நானா?”

“நீதான். உன்னைப் பெத்துப் போட்டுட்டு அம்மாவுக்கு ஜன்னி கண்டுடுச்சு. போட்டுல போர்ட் பிளேருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பாவுக்கு மர மில்லுல ஷிப்டு. வீட்டுல நானும் நீயும். எனக்குப் பதினோரு வயசு. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா பாலு கொடுப்பாங்க, தேல் தேய்ச்சு மாலிஷ் பண்ணுறது நான். என்ன பண்ணணும்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது போட்டு ரூட்டு ஒண்ணுதான், எந்தத் தீவுக்கு அப்புறம் எந்தத் தீவுன்னு. காலு போர்ட் பிளேர். முட்டி நீல். தொப்புள் ஹேவ்லாக். தோள் ரங்கத். நெத்தி வந்தா லாங் ஐலண்ட். அம்மா இந்த ரூட்டுலதான் திரும்பி வருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிப்பேன்.”

சங்கவி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். அப்பா ராஜமாணிக்கமோ அம்மா ஜெயமணியோ உயிரோடு இருந்தவரைக்கும் இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் சொல்லும்போதே தெரிந்தது, அந்த வரிசை அவளுக்குப் புதிது இல்லை.

மில் சங்கு ஊதும் சத்தம். ஈர மரத்தூள் வாசனை. தகரக் கூரையில் காயப் போட்ட கொப்பரை வெயிலில் சூடேறி மணக்கும். போட்டு ஹார்ன் கேட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஜெட்டிக்கு ஓடும், இவளும் ஓடுவாள், ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுவாள். அண்ணன் தூக்கி, முட்டியைத் தேய்த்து, “நீல்ல அலை ஜாஸ்தி” என்பான். ஏன் முட்டிக்கு நீல் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லார் வீட்டிலும் முட்டிக்கு அதுதான் பேர் என்றே நினைத்திருந்தாள்.

“அம்மா திரும்பி வந்தப்போ?”

“தலைமுடி எல்லாம் வெட்டி, குச்சி மாதிரி போட்டுலேருந்து இறங்குனாங்க. உன்னைக் கையில கொடுத்தா நீ போடுற சத்தத்துல ஜெட்டியே கூடிடுச்சு. அம்மாவும் இதேதான் சொன்னாங்க, எனக்குத் தெரியல குணா, நீயே வச்சுக்கன்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நான் ஸ்கூல் போக வேணாமா? அம்மா கையைப் புடிச்சுத் தேல்ல முக்கி, உன் பாதத்துல வச்சேன். போர்ட் பிளேர்னு சொல்லுங்கன்னேன். சொன்னாங்க. நீ டக்குன்னு நிறுத்திட்டே. கவி, பிள்ளைக்கு ஆளு தெரியாது. ரூட்டுதான் தெரியும். நீ சொல்லவே இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஹார்ன் சத்தம் குறுக்கே வந்தது. “போட்டு வந்துடுச்சு, ரக்தா ஹூன்” என்று போனை வைத்துவிட்டான். தங்கை பிள்ளையைக் கொடுக்கப் போகிறாளே, இருந்து நாலு வார்த்தை புத்தி சொல்வோம் என்று கிடையாது. வாடிக்கைக்காரர்கள் முக்கியம்!

கோகுல் அழுது அழுது விக்கலுக்கு வந்திருந்தான். சங்கவி அவனைத் தரையில் தடித்த துண்டின்மேல் கிடத்தினாள். மேல்தட்டிலிருந்து பாட்டிலை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் அவளுக்குக் கண் கரித்தது. வீட்டு வாசனை. கூரை வாசனை.

அவசரமாகக் கையில் ஊற்றி அவன் காலைத் தொட்டாள். கை சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு முன்னைவிடப் பெரிதாக அலறினான்.

மற்ற நாளாக இருந்தால் இதோடு விட்டிருப்பாள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அந்த நர்ஸ் இவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அழுதா கையை எடுத்துடுங்க, போகாதீங்க, பக்கத்துலயே இருங்க. எடுத்தாள். போகவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். “பஸ், பஸ், ரோனா நஹி” என்றாள். போதும், அழாதே என்று வாய் தானாக இந்தியில் சொன்னது. திருத்திக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

“அரே மேரா குட்டி, அம்மா கை டண்டா இருந்துச்சா? இப்போ பாரு, கரம் கரம், நல்ல சூடு.”

அவன் அழுகை நடுவில் ஒரு இடைவெளி விட்டான். அம்மா இவ்வளவு நீளமாக அவனிடம் பேசியதே இல்லை.

சங்கவி பாதத்தைக் கையில் எடுத்தாள். “போர்ட் பிளேர்” என்றாள். “ஏறு ஏறு, போட்டு கிளம்புது.” கட்டைவிரல் கெண்டைக்கால் வழியே மேலே போனது. முட்டியில் ஒரு சுற்று. “நீல் ஆகயா, வந்துடுச்சு. இங்கே அலை ஜாஸ்தி, புடிச்சுக்கோ.” அவன் கால் அவள் கையில் இளகியது. வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெல்ல வட்டம் போட்டாள். “ஹேவ்லாக். கூட்டத்தைப் பாரு, எத்தனை டூரிஸ்ட்டு!” அவன் விக்கல் நின்றது. நெஞ்சைக் கடந்து தோளுக்கு வந்தாள். “ரங்கத். பாதிப் பேரு இறங்கிட்டாங்க. இனிமே நாம ரெண்டு பேருதான்.”

நெற்றியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஓரமாக நீவினாள். “லாங் ஐலண்ட்! உத்தரோ, உத்தரோ, இறங்கு இறங்கு! குணா மாமா டீ போட்டு வச்சிருக்காரு, உத்தரோ!”

கோகுல் அவளைப் பார்த்தான். தோளுக்குப் பின்னால் யாரையோ தேடவில்லை. அவளையே பார்த்தான். பிறகு, “ங்கூ” என்றான்.

என் அருமை வாசகர்களே, இந்த வீட்டுக்குள் நான் நுழைந்து பதினோரு வாரம் ஆகிறது. இந்த ஒரு ‘ங்கூ’வுக்காகத்தான் காத்துக் கிடந்தேன். சங்கவி அழுதாள். ரசம் கேட்டபோது அழாததையும் சேர்த்து வைத்து அழுதாள். அழுதுகொண்டே, “திரும்பிப் போலாமா? ஏறு ஏறு, போர்ட் பிளேர்” என்று மறுபடி பாதத்தில் ஆரம்பித்தாள். அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

போன் அடித்தது. உமா. சங்கவிக்குக் கை முழுக்க எண்ணெய். விரல் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“எந்திரிச்சுட்டானா சங்கவி?”

“எந்திரிச்சுட்டான் அண்ணி!” சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. அழுத தொண்டை வேறு. நாக்கு இன்னும் லாங் ஐலண்டிலேயே இருந்தது. “அண்ணி, பாப்பா மேல பூரா தேல்! கை, காலு, நெஞ்சு, எல்லா எடத்துலயும் தேல்!”

“என்னது?”

“என் கை பூரா தேல் அண்ணி! முதல்ல ரொம்பக் கத்துனான். இப்போ சத்தமே இல்ல, அப்படியே அடங்கிட்டான்! ஜல்தி வாங்க அண்ணி…”

வழுக்கி விழுந்த போனை எடுக்கப் போய் அவள் கை பட்டு இணைப்பு அறுந்தது.

ஜங்லிகாட்டில், தொப்பிக் கடை வாசலில் நின்ற உமா மகேஸ்வரிக்கு என்ன கேட்டிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? அவள் ஊரில் தேல் என்று ஒரு சொல் கிடையாது. தேள்தான் உண்டு. கொட்டும் தேள்.

“ஐயோ, என் பிள்ளை!” என்று அவள் போட்ட கூச்சலில் கடைக்காரப் பெண் வைஜெயந்தி தொப்பிகளைக் கீழே போட்டாள். உமாவின் ஒரு செருப்பு சாக்கடை ஓரம் நின்றுவிட்டது. எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள். ஓட்டியவர் தங்கையா, தீவிலேயே பிறந்த மனிதர்.

“மரைன் ஹில்! சீக்கிரம் போங்கண்ணே! பிள்ளையைத் தேளு கொட்டிடுச்சு! ஒண்ணு ரெண்டு இல்ல, மேல பூரா தேளாம்!”

தங்கையா வண்டியை விரட்டினார். திருப்பத்தில் ஏதோ யோசனை வந்தவராகத் தலையைச் சொறிந்தார். “அக்கா, யாரு போன் பண்ணாங்க?”

“அம்மாக்காரி! பெத்தவ!”

“அவங்க எந்த ஊரு?”

“லாங் ஐலண்டுய்யா! இப்ப அது ரொம்ப முக்கியமா?”

“இல்லக்கா, அவங்க தேளுன்னு சொன்னாங்களா, தேல்னு சொன்னாங்களா? ஏன்னா, தேல்னா…”

“வண்டியை ஓட்டுய்யா!”

தங்கையா வாயை மூடிக்கொண்டார். உமா பழனியாண்டவரைக் கூப்பிட்டாள். நடந்தே வருகிறேன் என்றாள். மொட்டை போடுகிறேன் என்றாள். அந்தப் பிள்ளை பிழைத்தால் போதும், யார் கையில் இருந்தாலும் சரி என்றாள். கடைசியாகச் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வாசலில் சாத்தியிருந்த விளக்குமாறைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, உமா உள்ளே பாய்ந்தாள். “எங்கடி? எங்க இருக்கு?” துண்டைத் தூக்கினாள், பாயை உதறினாள், பெட்டியில் அடுக்கியிருந்த சேலைகளைக் கலைத்து எறிந்தாள். “எத்தனை? எங்க போச்சு?”

“எது அண்ணி?”

“தேளுடி! மேல பூரா தேளுன்னியே!”

சங்கவி திருதிருவென்று விழித்தாள். பிறகு எண்ணெய் வழியும் கையால் தேன் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். “இதுதான் அண்ணி. தேல். எண்ணெய். இந்தியில…”

“நான் அப்பவே சொல்ல வந்தேன்ல அக்கா!” என்று வாசலிலிருந்து தங்கையா குரல் கொடுத்தார்.

உமா விளக்குமாறை அப்படியே பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுகையாகிவிட்டது. இந்தக் களேபரத்தில் பயந்துபோய் கோகுல் வீறிட்டான்.

உமாவின் கைகள் பழக்கத்தில் நீண்டன. சங்கவியின் கைகளும் நீண்டன. பாதி வழியில் இரண்டு பேரும் நின்றார்கள்.

“நீங்க தூக்குங்க அண்ணி” என்றாள் சங்கவி, மெதுவாக.

உமா கையை மடியில் போட்டுக்கொண்டாள். “நீ தூக்கு.”

சங்கவி தூக்கவில்லை. பாதத்தைக் கையில் எடுத்து, “போர்ட் பிளேர்” என்றாள். அழுகை ஒரு பிடி குறைந்தது. நீலில் இன்னும் கொஞ்சம். ஹேவ்லாக் வருவதற்குள் அவன் அம்மா முகத்தில் கண்ணை நிறுத்திவிட்டான். பக்கத்தில் இருந்த அத்தையைப் பார்க்கவே இல்லை.

உமா பார்த்துக்கொண்டே இருந்தாள். வலித்தது அவளுக்கு. வலிக்காமல் எப்படி இருக்கும்?

“எனக்கு அபி பொறந்து நாலாம் மாசம் பரமக்குடி பிராஞ்சுக்கு மாத்திட்டாங்க” என்றாள், யாரோ கேட்ட மாதிரி. “மாமியார் சொன்னாங்க, ஆறு மாசம் பிள்ளை என்கிட்ட இருக்கட்டும், நீ நிம்மதியா வேலையைப் பாருன்னு. நல்ல மனசோடதான் சொன்னாங்க. குத்தம் சொல்லக் கூடாது.”

சங்கவியின் கை மகன் தோளில் நின்றது.

“ஆறு மாசம் கழிச்சுப் போனா, என்னைப் பாத்து வீறு வீறுன்னு அழுதா. சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நானே சொல்லிட்டேன். யாரும் கேக்கல. நானேதான். இன்னிக்குவரைக்கும் அவளுக்கு அவங்கதான் அம்மா. நான் உமாம்மா.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இதெல்லாம் தெரிஞ்சும் உன் பிள்ளைக்குத் தொப்பி வாங்கப் போனேன் பாரு.”

“அண்ணி, டிக்கெட்டை மாத்திடலாம். இன்னும் கொஞ்ச நாள் எங்ககூட இருங்க.”

“வேண்டாம்டி. நான் இருந்தா அவன் என் கையைத் தேடுவான். நானும் கொடுத்துடுவேன்.”

அவள் எழுந்து பெட்டியிடம் போனாள். உள்ளங்கை அளவு சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒன்றை மட்டும் முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அதையும் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கௌதம் கையில் மீன் பையோடு படியேறி வந்தபோது, சங்கவி தோளில் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். கௌதம் அவளைப் பார்த்தான், பாதி காலியான பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

“என்னக்கா ஆச்சு?”

“தேளு வந்துச்சுடா” என்றாள் உமா.

“தேளா! எங்கே?” என்று அவன் மீன் பையோடு நாற்காலியில் ஏறிவிட்டான். இரண்டு பெண்களும் பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனை வாரம் ஆயிற்று!

உமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கீழே துறைமுகத்தில் போட்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. உள்ளே சங்கவி புருஷனுக்கு ரூட்டைச் சொல்லிக் கொடுப்பது கேட்டது. ரங்கத்தையும் ஹேவ்லாக்கையும் முன்பின்னாகக் குழப்பி, தினமும் அதே வழியில் படகு ஓட்டும் மனிதர் வசமாகத் திட்டு வாங்கினார்.

உமா திருச்சிக்கு அடித்தாள். கல்லூரி விடுதியில் இருக்கும் மகளுக்கு. நாலாவது மணியில் எடுத்தாள்.

“ஹலோ?”

“அபி… அம்மா பேசுறேன்.” அழுது கம்மிப்போன குரல். இந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

“அம்மாவா? இது உமாம்மா நம்பராச்சே!” அபியின் குரல் குதித்தது. “நீங்க எப்போம்மா அந்தமான் போனீங்க? என்கிட்ட சொல்லவே இல்ல! உடம்பு முடியாம எதுக்கு இவ்வளவு தூரம்?”

உமா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மகள் அம்மா என்றது மாமியாரை. ஆமாம்மா, சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தாள்.

“அவங்க இல்லடி” என்றாள். “நான். உன்னைப் பெத்தவ. நாளைக்கு வரேன், உன்னைப் பாக்க.”

மறுமுனையில் பேச்சில்லை. மகள் போனை வைத்துவிடுவாள் என்று உமா காத்திருந்தாள்.

அபி வைக்கவில்லை.